ஊர்சூழ்வரியும் ஊராரின் கடமையும்

சிலப்பதிகாரம் மூன்று உண்மைகளை நிலைநாட்ட எழுந்த காப்பியம் என்பது அதன் பதிகமே கூறும் செய்தி. அரசன் முறை பிழைத்தால் அறமே அவனுக்குக் கூற்றுவனாகும்; கற்புடையாளை உயர்ந்தோர் போற்றுவர்; முன்செய்த வினை தவறாது வந்து தன் பயனை ஊட்டும். காப்பியத்தை ஆராய்ந்த அறிஞர் பெரும்பாலும் இம்மூன்றையும் சுற்றியே தம் கருத்துக்களை அமைத்தனர். பாண்டியன் செய்த பிழை எத்தகையது, கண்ணகியின் கற்பு எத்தகையது, ஊழின் வலி எத்தகையது என்பன பற்றி நூல்கள் பல வந்துள்ளன. ஆயின் இக்கதையில் அரசனும் பத்தினியும் வினையுமேயன்றி நான்காவதாக ஒன்றும் உண்டு. அது ஊர். கோவலன் வெட்டுண்டது மக்கள் நிறைந்த மாநகர் ஒன்றில். கண்ணகி அழுது திரிந்தது அந்நகரத்துத் தெருக்களில். இறுதியில் எரிந்ததும் அந்நகரமே. அவ்வூரார் என் செய்தனர், என் செய்யாது விட்டனர் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

அவ்வினாவை எழுப்புதற்குக் கண்டி மாநகரினும் பொருத்தமான இடம் அரிது. தலதா மாளிகைக்கு அண்மையில் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள் ஆகியோரின் தேவாலயங்களோடு பத்தினி தேவாலயமும் நிற்கின்றது. ஆண்டுதோறும் எசல விழாவில் மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நான்கு தேவாலயங்களின் பெரஹராக்களும் செல்லும். அவற்றுள் பத்தினி தேவாலயத்தினது இறுதியாக வரும். சிங்கள மக்கள் வணங்கும் இப்பத்தினி கண்ணகியே. செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டத்தில் இலங்கைக் கயவாகு மன்னன் வழிபட்டமையைச் சிலப்பதிகாரம் கூறும்; பத்தினியின் சிலம்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவன் கஜபாகுவே எனச் சிங்கள மரபு கூறும். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்தது. பாலங்க என்னும் பெயருடன் கோவலன் கொலையுண்பதும், பத்தினியால் மீண்டும் உயிர்பெறுவதும் சிங்களச் சடங்குகளில் நடித்துக் காட்டப்படும்.

தெருத் தெருவாகச் சென்று நீதி கேட்ட ஒரு பெண்ணை இரு மொழியினரும் ஒருங்கே தெய்வமாகக் கொண்ட நகர் கண்டி. அந்நகரின் தெருக்களில் 1915இல் கலகம் மூண்டது. 1983இல் கடைகள் எரிந்தன. 2018இல் சுற்றுப்புற ஊர்கள் எரிந்தன. ஆகவே காப்பியத்தையும் நகரின் வரலாற்றையும் ஒன்றுக்கொன்று உரையாக வைத்து நோக்குதல் தகும்.

ஊர் காண்டலும் ஊர் சூழ்தலும்

மதுரைக் காண்டத்தில் இரு பகுதிகள் தம்முள் எதிரெதிர் நிற்கின்றன. ஒன்று ஊர்காண் காதை, மற்றது ஊர்சூழ்வரி. முன்னதிற் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கின்றான். மணியும் பொன்னும் துகிலும் கூலமும் விற்கும் வீதிகளின் வளம் வணிகன் மகனாகிய அவனுக்குக் கண்ணுக்கு விருந்தாகின்றது. விலைபேச வந்தவனுக்கு எந்த நகரமும் தன் சிரித்த முகத்தையே காட்டும். பின்னதில் அவன் மனைவி, ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி, அதே நகரத்தில் அழுது செல்கின்றாள். இளங்கோவடிகள் இப்போது கடைகளைப் பாடவில்லை. அக்கடைகளின் வாயிலில் நின்ற மனிதரைப் பாடுகின்றார். இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள காலம் மிகச் சிறிது. ஆயினும் இரண்டும் ஒரே ஊர்தானோ என ஐயுறுமளவுக்கு வேறுபாடு பெரிது.

கண்ணகி ஊராரிடம் மூன்று வினாக்களைக் கேட்கின்றாள். இவ்வூரிற் பெண்கள் இருக்கின்றனரா என்பது முதல் வினா. சான்றோர் இருக்கின்றனரா என்பது அடுத்தது. தெய்வம் இருக்கின்றதா என்பது இறுதி வினா. இவற்றில் இரு செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கவை. முதலாவது, முறைவைப்பு. ஊர்சூழ்வரி வழக்குரை காதைக்கு முன்னர் அமைந்துள்ளது. அரசனிடம் வழக்குரைக்குமுன் கண்ணகி ஊராரிடமே வழக்குரைக்கின்றாள். அரண்மனை வாயிலுக்குச் செல்லும் வழியைக் கேட்பவளாக அவள் தெருவில் நிற்கவில்லை. தெருவே அவளுக்கு முதல் மன்றமாகின்றது. இரண்டாவது, சான்றோருக்கு அவள் தரும் அடை. சான்றோரைக் கல்வியாலோ செல்வத்தாலோ குறியாது, குழவியை எடுத்து வளர்க்கும் இயல்பினாற் குறிக்கின்றாள். தன்னைத் தான் காத்துக்கொள்ள இயலாத ஓர் உயிரைக் கையில் எடுப்பவரே சான்றோர் என்பது இதனாற் பெறப்படும்.

கண்ணீரின் காலம்

மதுரை மாந்தர் கல்நெஞ்சினர் அல்லர். கண்ணகியைக் கண்டு அவர்கள் கலங்கினர், அழுதனர், வளையாத செங்கோல் வளைந்ததே என வருந்தினர், அரசனைப் பழித்தனர், மாலை வேளையில் அவள் கணவனின் உடல் கிடந்த இடத்தையும் காட்டினர். காப்பியத்தை மேலோட்டமாகப் படிப்பவர் இவ்வூராரிடம் குறைகாணமாட்டார். ஆயின் இவையனைத்தும் கொலைக்குப் பின்னர் நிகழ்ந்தவை என்பதை மறத்தலாகாது. அவர்தம் கண்ணீர் உண்மையானது. அது வந்த காலமே பிழையானது. அழுவதற்கு அஞ்சாத ஊர், ஐயுறவேண்டிய வேளையில் ஐயுறவில்லை.

ஐயுற்றவர் எவருமிலர் எனவும் கூறுதற்கில்லை. கொலைக்களக் காதையில் அரசனின் ஏவலர் கோவலனைக் காண்கின்றனர். இவன் தோற்றம் கள்வனின் தோற்றமன்று என்பது அவர்களுக்குப் படுகின்றது. அதனைச் சொல்லவும் செய்கின்றனர். அவ்விடத்திற் பொற்கொல்லன் செய்வது யாது? கோவலனைப் பற்றி அவன் சான்றெதுவும் காட்டவில்லை. கள்வர் என்னும் கூட்டத்தைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்துகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் முதலாகக் கள்வருக்குத் துணையாவன எட்டு என்று கற்றவன்போல் எடுத்துரைக்கின்றான். இளைஞன் ஒருவன் தான் முன்னர்க் கண்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி அதற்கு ஒத்தூதுகின்றான். முன்னால் நிற்கும் மனிதன் மெல்ல மறைகின்றான். கூட்டத்தின் பெயர் அவனிடத்தை எடுத்துக்கொள்கின்றது. அதன்பின் கல்லாதவன் ஒருவனின் வாள் போதுமானதாகின்றது. ஐயம் பிறந்தது, பேசப்பட்டது, ஆயினும் எவரும் அதன் பக்கம் நிற்கவில்லை.

கொல்லனின் விரிவுரை இந்நாட்டிலும் கேட்டதுண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரத்து முஸ்லிம் உணவகம் ஒன்றில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து கலக்கப்படுகின்றது என்ற வதந்தி எழுந்து, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளரின் சோதனையில் அது மாவுப்பொருளே எனத் தெரிந்தது. அதற்குள் வதந்தி தன் வேலையை முடித்துவிட்டது. அதே நாட்களிற் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலராற் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். அது கொடிய குற்றம்; சந்தேகத்துக்குரியோர் கைதாகியும் இருந்தனர். ஆயினும் குற்றவாளிகளின் இடத்தில் அவர்களுடைய சமூகத்தின் பெயர் வைக்கப்பட்டது. திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனவில் எரிந்த வீட்டினுட் சிக்கி முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அடுத்த நாள் முகநூல் முதலிய தளங்கள் தடுக்கப்பட்டன. அவ்வன்செயலிற் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். மதுரைக் கண்ணீர் போன்றே அதுவும் காலந்தாழ்ந்து வந்தது.

அண்மையும் சேய்மையும்

வன்செயல் தன் வாயிலை அடையும்வரை அதனைப் பிறர் காரியமாகக் கருதும் இயல்பு எவ்வினத்துக்கும் தனியுரிமையன்று. கண்டி நாட்டு வரலாறு இதற்குச் சான்று.

கம்பளை வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து இசைமுழக்குடன் செல்லலாமா என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914இல் ஒருவகையாகவும், உயர் நீதிமன்றம் 1915இல் அதனை மாற்றியும் தீர்ப்பளித்தன. அதே ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மூண்ட கலகம் சில நாட்களிற் பல மாகாணங்களுக்குப் பரவியது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. யூன் 2ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டத்தின் கீழ் ஆங்கில அரசு சிங்கள மக்கள் பலரைச் சுட்டுக் கொன்றது, தலைவர்களைச் சிறையிட்டது. அக்கொடுமையைச் சட்டசபையில் அஞ்சாது கண்டித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தம் இனத்தவரல்லாதார்க்காக அவர் எழுப்பிய குரல் இந்நாட்டு வரலாற்றிற் போற்றத்தக்க செயல்களுள் ஒன்று. எனினும், கடையிழந்த முஸ்லிம் மக்களுக்காக அத்தகைய குரல் எழவில்லை என்ற மனக்குறை அவர்களிடம் நெடுங்காலம் நிலவியதும் உண்மை. பெருந்தகையோரின் காதும் ஒருபுறத்து அழுகையையே தெளிவாகக் கேட்கும் என்பதற்கு இது சான்று.

கண்டிக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 சனவரி 10ஆம் நாள், வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. எட்டாண்டுகளின் பின் அத்தொழிலாளியின் மக்கள் முழுவதையும் தாக்கிய செயலுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றுக்கு அனுப்பிய அம்மக்கள் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவராயினர். வடபுலத் தமிழ்த் தலைவர்களுள் ஒரு சாரார் அமைச்சரவையில் அமர்ந்திருந்தனர். இன்று தோட்டத் தமிழர்க்கு நேர்ந்தது, மொழிப் பிரச்சினை எழும் நாளில் ஏனைத் தமிழர்க்கும் நேரும் எனப் பொருள்பட எச்சரித்தவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அவ்வெச்சரிக்கையை மெய்ப்பித்தது.

1977 ஆகஸ்டில் மலையகத்துத் தோட்டக் குடியிருப்புக்கள் பல தாக்கப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா முதலிய இடங்களுக்கு ஓடின. ஆணைக்குழு அமர்ந்தது, 1980இல் அறிக்கையும் வந்தது. ஆறாண்டுகளுள் நகரத்து வணிகரின் முறை வந்தது. 1983 யூலை 23ஆம் நாள் யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் படைவீரர் 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பில் எழுந்த தீ 26ஆம் நாட் பிற்பகல் கண்டியை அடைந்தது. காசல் வீதியிலும் கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. கூட்டம் அதன்பின் கம்பளைக்குச் சென்றது. கொழும்புத் தீக்கும் கண்டித் தீக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நாட்கள் இருந்தன. எழுபத்திரண்டு மைல் தொலைவு என்பது காவலன்று என்பதை அவ்விரு நாட்கள் காட்டின.

பெரும்பான்மையினருக்கும் சேய்மை நெடுநாள் நிலைக்கவில்லை. 1987 முதல் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் கிளர்ச்சியாளர் கொலைகளும் அரசபடையினரின் எதிர்க்கொலைகளும் பெருகின. 1989 ஒக்டோபரிற் பேராதனைப் பல்கலைக்கழகத்து அல்விஸ் குளத்தைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட மனிதத் தலைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விசாரணையின்றிக் கொல்லலாம் என்பதை ஓர் இனத்தார் மட்டில் ஒப்புக்கொண்ட நாடு, அவ்வொப்புதலுக்கு எல்லை வகுக்க இயலாது என்பதை அக்குளக்கரையிற் கண்டது.

நீலியின் பதினான்கு நாட்கள்

ஈண்டு ஒரு தடை எழலாம். கோவலன் கொலைக்கு ஊழ்வினையே காரணம் எனக் காப்பியமே கூறும்போது ஊராரைக் குறைகூறுதல் பொருந்துமோ என்பது அத்தடை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி, கோவலனின் முற்பிறப்புச் செய்தியைக் கூறுகின்றது. அச்செய்தியை ஊன்றிப் படிப்போர்க்கு இத்தடை தானே நீங்கும்.

கலிங்க நாட்டிற் சிங்கபுரத்து மன்னனும் கபிலபுரத்து மன்னனும் தம்முட் பகைகொண்டிருந்த காலம். சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியுடன் சிங்கபுரம் வந்து, கடைவீதியில் அணிகலன் விற்றிருந்தான். அரச ஏவலனான பரதன் அவனைப் பகைநாட்டு ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான் என்பது தெய்வத்தின் கூற்று. கதையை இம்மட்டில் நிறுத்தி, கொன்றவன் கொல்லப்பட்டான் என வினைக்கணக்கு முடிப்பதே வழக்கம். ஆயின் இளங்கோவடிகள் அங்கு நிறுத்தவில்லை. கணவனை இழந்த நீலி என் செய்தாள் என்பதையும் கூறுகின்றார். மன்றங்களிலும் தெருக்களிலும் பதினான்கு நாட்கள் அவள் அரற்றித் திரிந்தாள். அரசனை மட்டுமன்றி, ஊராரையும் சேரியாரையும் விளித்து, இது முறையோ எனக் கேட்டாள். மறுமொழி வந்ததாகக் காப்பியம் கூறவில்லை. பின்னர் அவள் மலையேறி, தனக்குத் துன்பம் செய்தார் அதே துன்பத்தை அடைக எனச் சபித்து உயிர் துறந்தாள்.

ஆகவே மதுரையில் நிகழ்ந்த ஊர்சூழ்வரி இரண்டாவது ஊர்சூழ்வரியாகும். முதலாவது சிங்கபுரத்தில் நிகழ்ந்தது. அங்கே எவரும் செவிசாய்க்கவில்லை. வினை என இளங்கோவடிகள் குறிப்பது வானத்திலிருந்து இறங்கும் ஒன்றன்று. தெருவில் எழுந்து கேட்பாரற்றுப் போன ஒரு பெண்ணின் குரலே பிறிதோர் ஊரிற் பிறிதொரு பெண்ணின் குரலாக மீண்டும் எழுகின்றது. பகைநாட்டான் என்ற ஒரே காரணத்தால் ஒற்றனாக்கப்பட்ட வணிகனின் கதை, தமிழ்ப் பெயருடைமையே குற்றமான 1983ஐ அறிந்தோர்க்கு விளக்கம் வேண்டாதது.

இவ்வுண்மையை மேலைநாட்டாரும் தம் பட்டறிவால் அறிந்தனர். ஜேர்மனியிற் ஹிட்லரின் ஆட்சியைத் தொடக்கத்தில் வரவேற்ற கிறித்தவ போதகர் மார்ட்டின் நீமொல்லர், 1937 முதல் 1945 வரை சிறையிற் கிடந்தார். பிறர் பிடித்துச் செல்லப்பட்டபோது தாம் வாளாவிருந்தமையைப் போருக்குப்பின் மேடைதோறும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நீலியின் குரலைக் கேளாத ஊரார் பேசியிருப்பின் அவ்வாறே பேசியிருப்பர்.

பொற்கொல்லர் ஆயிரவர்

சிலப்பதிகாரத்தைப் போற்றுவோர் விரைந்து கடந்து செல்லும் செய்தி ஒன்றுண்டு. மதுரை எரிந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினிக்குச் சாந்தியாகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்றும், அதனால் மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின என்றும் உரைபெறு கட்டுரை கூறும். கயவாகுவின் வழிபாட்டைக் கூறுவதும் அப்பகுதியே. உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை எனக் கருதுவாரும் உளர். ஆயின் நீர்ப்படைக் காதையும் ஒரே பகலில் நிகழ்ந்த அப்பலியைக் குறிப்பிடுவதால், செய்தியைத் தள்ளிவிட இயலாது.

பொய் சொன்னவன் பொற்கொல்லன் ஒருவன். பலியானோர் ஆயிரவர். அவ்வாயிரவரும் செய்த பிழை, அவன் தொழிலைத் தாமும் செய்தமையே. கள்வர் கூட்டத்தின் பெயரால் ஒரு மனிதனைக் கொல்வித்தான் கொல்லன். கொல்லர் கூட்டத்தின் பெயரால் ஆயிரம் மனிதரைக் கொன்றான் செழியன். இரண்டும் ஒரே கணக்கு. முதற்கொலைக்காக ஒரு நகரமே எரிந்தது. இரண்டாவது கொலைக்கு மழை பெய்தது என்கின்றது காப்பியம். அந்த ஆயிரவருக்கும் மனைவியர் இருந்திருப்பர். அவருள் எவரும் ஊர் சூழ்ந்ததாகப் பாடல் இல்லை. மதுரை மாந்தரேனும் அழுதனர், இங்கு அழுவாருமில்லை. பிறர் துன்பத்தைப் பாட வந்த பெருங்காப்பியமே இவ்விடத்தில் ஊராரின் மௌனத்தைத் தானும் மேற்கொண்டுவிட்டது எனல் மிகையாகாது.

இப்பழி கண்ணகிக்கு உரியதன்று. வஞ்சின மாலையில் தீக்கடவுளிடம், அறவோரையும் பசுக்களையும் முதியோரையும் குழந்தைகளையும் விடுத்துத் தீயோர் பக்கமே செல்லுமாறு அவள் பணிக்கின்றாள். அவளது சினம் ஆளறிந்து எரிந்தது. பின்னர்த் தெய்வமாகத் தோன்றும்போது பாண்டியனையும் குற்றமற்றவன் என்று மன்னிக்கின்றாள். அவள் கேளாத பலியை அவள் பெயரால் இட்டவன் அரசன். 1983இல் இறந்த படைவீரரின் பெயராலும், 2018இல் இறந்த சாரதியின் பெயராலும், 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் மாண்டோரின் பெயரால் மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருணாகல் பகுதியிலும், நடந்தவை அத்தகைய பலிகளே. அவ்விறந்தோர் எவரும் அவற்றைக் கேட்டிலர்.

தமிழர் தம்மையும் இவ்வளவுகோலால் அளத்தல் வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோரைப் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கிடைத்த அவகாசம் சில மணிநேரமே. அன்று எழுந்த தமிழ்க் குரல்கள் மிகச் சில. அச்சமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுத்தல் நேர்மையன்று. அச்சம் ஒன்றே காரணம் என்பதும் நேர்மையன்று. 1998 சனவரி 25ஆம் நாள் தலதா மாளிகையின் வாயிலில் வெடித்த குண்டுக்கு வழிபட வந்தோர் பலியானபோதும், அதனைப் போரின் கணக்கில் எழுதி அமைதியடைந்தோர் உண்டு. அவ்விடத்திலிருந்து பத்தினி தேவாலயம் சிறிது நடைத்தொலைவே.

அடைக்கலமும் ஆராய்ச்சி மணியும்

காப்பியத்தில் மறுமொழி கூறியவர் எவருமிலரோ எனின், ஒருத்தி உளள். அவள் மாதரி. நகரத்துச் சான்றோர் வீதிகளில் வாழ்ந்தவளல்லள். ஆயர் சேரியில் மோர் விற்று வாழ்ந்த முதியவள். முன்பின் அறியாத கண்ணகியை அடைக்கலமாக ஏற்றுத் தன் மகளைத் துணையாக்கினாள். அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற் போனபோது அத்துயர் தாங்காது தீப்புகுந்தாள். சான்றோர் உளரோ என்ற வினாவுக்கு மதுரை தந்த விடை அவளொருத்தியே. 1983இல் தம் வீட்டறைகளில் தமிழ்க் குடும்பங்களை மறைத்துவைத்து, வாயிலில் நின்ற கூட்டத்துக்கு இல்லையென்று கூறிய சிங்கள அயலவரும், 2018இற் பள்ளிவாசல்களைக் காத்து நின்ற பிக்குகளும் மக்களும் மாதரியின் மரபினர். தம் வீடு எரியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அத்தகையோரின் பெயர்கள் பெரும்பாலும் எந்த அறிக்கையிலும் இல்லை. காக்கப்பட்டவரின் நினைவிலேயே உள்ளன.

வழக்குரை காதையிற் கண்ணகி தன் ஊரை அறிமுகம் செய்யும்போது, கன்றிழந்த பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைக் குறிப்பிடுகின்றாள். திருவாரூருக்கு உரியதாகப் பெரியபுராணம் விரிக்கும் அக்கதையை, அநுராதபுரத்து எல்லாளனுக்கு உரியதாக மகாவமிசம் கூறும். இரு மரபுகளும் மணியை மறவாது கூறுகின்றன; மகாவமிசம் கயிற்றையும் கூறும். கயிற்றின் ஒருமுனை தெருவிலும் மறுமுனை அரசனின் அருகிலும் இருந்தது. தொலைவில் நிற்கும் வாயில்லா உயிரின் துன்பத்தையும் படுக்கையருகே கொணரும் ஏற்பாடு அது. பசுவின் துயரைத் தன் இல்லத்துக்குள் அரசன் தானே வரவழைத்துக்கொண்டான். அது தீயாக வந்து சேரும்வரை பொறுத்திருக்கவில்லை. பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் காவாதவிடத்து அறிவினாற் பயனில்லை என்று இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் கருதியதும் இதுவே.

மன்னராட்சி மறைந்த காலத்தில் மணியின் கயிறு குடிமக்கள் அனைவர் கையிலும் உள்ளது. இன்று அதனை அசைப்பது எளிது. வாக்குச்சீட்டாலும் நாளிதழாலும் கையடக்கக் கருவியாலும் அசைக்கலாம். கேட்பதே அரிதாகிவிட்டது. தன் தெருவிலிருந்து வரும் ஓசை மணியோசையாகவும் பிற தெருவிலிருந்து வரும் ஓசை வெற்றிரைச்சலாகவும் படும்வரை, பத்தினியின் மூன்று வினாக்களும் விடையின்றியே நிற்கும். எசல மாதந்தோறும் கண்டி வீதிகளிற் பெரஹராவாக வருபவள், முன்னொருநாள் வேறொரு நகரின் வீதிகளில் தனியளாகச் சென்றவள். அவளை வணங்கும் ஊர் முதலில் எண்ணிப் பார்க்கத் தக்கது அவள் ஊராரிடம் கேட்ட வினாக்களையே.